பழைய பிரதி கையில் இருப்பவருக்கும் ஒரே விதி: ரோல்பிளே விளையாட்டு நூலுக்குத் திருத்தம் வெளியிடும் முழுமையான வழிகாட்டி

ஹட்டனில் போட்டோகொப்பி போட்ட விதிநூல் ஒருவரிடம். பண்டாரவளைக்காரர் போனில் வைத்திருப்பது போன மாதத்துப் பிடிஎப். கொழும்பில் வேலை செய்யும் அக்கா லீவுக்கு வரும்போது பையில் கொண்டுவருவது முதல் அச்சு. போயா லீவன்று மூன்றும் ஒரே மேசைக்கு வந்து சேரும். ஏறுதலுக்குப் பகடையில் எத்தனை விழ வேண்டும் என்று கேட்டால் மூன்று புத்தகமும் மூன்று பதில் சொல்லும். அதன்பிறகு கதை நிற்கும், வாக்குவாதம் நடக்கும்.

ரோல்பிளே விளையாட்டில் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, நடத்துநர் ஒருவர் நடத்தும் கதைக்குள் பகடை வீசி ஆடுவார்கள்; எது நடக்கும் என்பதை விதிநூல் சொல்லும். அச்சான விதிநூலில் உள்ள பிழைகளை வெளியிட்டவரே முறையாக அறிவித்துச் சரிசெய்யும் பட்டியலை எரேட்டா என்பார்கள். இங்கே அதைத் திருத்தப் பட்டியல் என்போம். தமிழில் சொந்தமாக விதிநூல் எழுதி ஐம்பது, நூறு பிரதி போடும் சிறு குழுக்களை மனதில் வைத்து எழுதப்பட்டது இது. மொழிபெயர்த்து வெளியிடுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பட்டியல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. முதல் அச்சைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்குள் அத்தனை திருத்தத்தையும் தன் புத்தகத்தில் குறித்து முடிக்க வேண்டும். முடியவில்லை என்றால் பட்டியல் நீளம், அல்லது எழுதிய முறை பிழை. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தப் பத்து நிமிடத்தைக் காப்பாற்றத்தான்.

முறைப்பாடுகளை ஓரிடத்தில் சேர்த்தல்

வட்ஸ்அப் குழுவில் வரும் குரல் செய்தி, பஸ்ஸில் சந்தித்தவர் சொன்னது, பேஸ்புக் பின்னூட்டம் என்று பிழைகள் பல வழியில் வரும். எந்த வழியில் வந்தாலும் அன்றைக்கே ஒரே இடத்தில் பதிய வேண்டும். கூகுள் ஷீட் நல்லது. சிக்னல் இல்லாத தோட்டத்தில் இருந்து வேலை செய்பவருக்கு ஒரு சீஆர் கொப்பியே போதும். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். நிராகரித்த பதிவின் இலக்கத்தை இன்னொன்றுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து "12ஆம் முறைப்பாடு என்ன ஆச்சு" என்று கேட்பவருக்கு இரண்டு பதில் இருக்கக் கூடாது.

பதிவில் இருக்க வேண்டியவை: எந்த அச்சு அல்லது எந்தக் கோப்பு, பக்கம், வாசகர் அந்த வசனத்தை எப்படிப் புரிந்துகொண்டார், மேசையில் என்ன நடந்தது. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுவார்கள். "14ஆம் பக்கம் பிழை" என்று மட்டும் வந்தால் அதில் பயனில்லை. "ஒருவர் 8 போட்டார், நடத்துநர் தோல்வி என்றார், ஆட்டக்காரர் வெற்றி என்றார்" என்று வந்தால் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும். பக்கத்தைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிரதியின் பிரதியில் ஓரம் வெட்டுப்பட்டு, புள்ளி மங்கி, 8 என்பது 3 ஆகத் தெரிவதும் உண்டு. அது நூலின் பிழை இல்லை. நல்ல பிரதி ஒன்றைக் கொடுத்தால் தீர்ந்தது.

எந்தக் கூடையில் போடுவது

வந்தவற்றை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது எழுத்துப்பிழை: பொருள் மாறாதது, விளையாட்டைத் தொடாதது. அடுத்த அச்சில் சரிசெய்யுங்கள், பட்டியலில் ஏற்ற வேண்டாம். இரண்டாவது உண்மையான விதிப்பிழை: ஆசிரியர் நினைத்தது ஒன்று, அச்சானது இன்னொன்று. பட்டியல் இருப்பதே இதற்காக. மூன்றாவது விளக்கம்: வசனம் சரிதான், ஆனால் கேள்வி எழுகிறது. இதைக் கேள்வி பதிலாகத் தனித் தாளில் வையுங்கள். நான்காவது மனமாற்றம்: அச்சானது நினைத்ததேதான், ஆனால் ஆடிப் பார்த்தால் ஒரு பாத்திரம் மற்ற எல்லாரையும் விழுங்கிவிடுகிறது.

இரண்டாவதையும் நான்காவதையும் ஒரே பட்டியலில் கலந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிழையைத் திருத்தினால் வாசகர் நன்றி சொல்வார். மனம் மாறியதைப் பிழை என்ற பெயரில் நுழைத்தால், தன் பாத்திரம் மெலிந்துபோனதைப் பார்த்துக் கோபப்படுவார். அந்தக் கோபம் நியாயமானது.

ரோல்பிளே விளையாட்டுகளில் பெரிதும் பெயர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் நான்காம் பதிப்பு 2008இல் வந்தது. அதே ஆண்டிலேயே பல தடவை பகடை வீசி ஒரு சவாலைத் தீர்க்கும் ஸ்கில் சாலஞ்ச் விதியின் இலக்கு எண்களை, அதாவது வெற்றிக்கு எட்ட வேண்டிய எண்களை, குறைக்க வேண்டி வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் மாற்றங்கள் நிற்கவில்லை. 2010இல் மேஜிக் மிசைல் மந்திரம், பகடை வீசித் தாக்க வேண்டியது என்ற நிலையிலிருந்து தானாகவே படுவது என்ற நிலைக்கு மாறியது. இதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை, வடிவமைப்பே மாறியது. காசு கொடுத்து வாங்கிய அச்சு நூலும் நடப்பு விதியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போயின. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நிறுவனம் நடையை மாற்றியது: திருத்தங்கள் சில பக்கங்களில் ஒரு பட்டியல், விளக்கங்கள் சேஜ் அட்வைஸ் என்ற பெயரில் தனித் தொகுப்பு, திருத்தியவை மறுஅச்சு நூல்களிலும் சேர்ந்துவிடும். ஐம்பது பிரதி போடும் குழு இந்த ஐந்தாம் பதிப்பின் வழியைப் பார்த்து நடப்பது நல்லது.

எல்லாவற்றையும் திருத்தத்தான் வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். மலையகத்தில் காமன் கூத்தின் பாட்டுகளும் பொன்னர் சங்கர் கதையும் தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறித்தான் நடக்கும். அந்தந்த இடத்து வாத்தியார் சொல்வதே அன்றைக்குச் சட்டம், ஆட்டம் கெடுவதில்லை. ரோல்பிளே விளையாட்டிலும் கதை நடத்துநருக்கு அந்த உரிமை உண்டு. நடத்துநர் ஒரு நொடியில் தீர்த்துவிடக்கூடிய ஐயத்துக்குத் திருத்தம் தேவையில்லை. இரண்டு நல்ல நடத்துநர்கள் புத்தகத்தையே காட்டி எதிரெதிராகத் தீர்ப்புச் சொன்னால் அப்போது தேவை.

பிழை இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது

ஒரு விதி ஓரிடத்தில் மட்டும் இருக்காது. விதிப் பந்தி, அதற்குக் கீழுள்ள எடுத்துக்காட்டு, அட்டவணை, பாத்திரத் தாள், நடத்துநருக்கான சுருக்கம், பின்னட்டை என்று ஆறு இடமாவது பார்க்க வேண்டும். பந்தியைத் திருத்திவிட்டு எடுத்துக்காட்டை விட்டால் புதிய முரண்பாடு பிறக்கும். வாசகர்கள் எடுத்துக்காட்டைத்தான் நம்புவார்கள் என்பதால் திருத்தியதே தோற்றுப்போகும்.

கணினியில் தேடும்போது தமிழுக்கே உரிய கண்ணிகள் உள்ளன. இலங்கையில் அச்சகங்கள் பலவற்றில் இன்றும் பாமினி எழுத்துருதான். அந்தக் கோப்பில் யுனிகோட் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. பிடிஎப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வந்து விழும். திருத்த வேலை தொடங்கும் முன்னரே மூலத்தை யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் வரி வரியாக வாசித்துச் சரிபாருங்கள். மாற்றிகள் சில கூட்டெழுத்துகளில் சறுக்கும்.

யுனிகோடிலும் நிம்மதி இல்லை. கொ, கோ போன்றவற்றின் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடல் ஒன்றை விட்டுவிடக்கூடும். உயிர்ப்புள்ளி என்று தேடினால் "உயிர்ப் புள்ளி" என்று இடைவெளி விட்டு அடித்தது தப்பிவிடும். அதனால் முழுச்சொல்லைத் தேடாமல் "புள்ளி" என்ற துண்டைத் தேடி, வருவதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள்.

ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் மாற்றும் வசதியைத் தொடவே வேண்டாம். "வீச்சு" என்ற சொல்லை "எறிதல்" என்று மாற்றினால் "வீச்சுக்கு" என்பது "எறிதல்க்கு" ஆகிவிடும், "எறிதலுக்கு" ஆகாது. வேற்றுமை ஏறிய ஒவ்வொரு இடமும் உடையும். ஒரு பிழையைத் திருத்தப்போய் நாற்பது பிழையோடு திரும்பி வருவீர்கள்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் முதலில் மூலத்தை எடுத்துப் பாருங்கள். பிழை மூலத்திலா, மொழிபெயர்ப்பிலா? மூலத்தில் இருந்தால், மூல வெளியீட்டாளர் ஏற்கனவே திருத்தியிருக்கிறாரா என்று பார்த்து அதன்படி போங்கள். அவர் திருத்தாததை நீங்கள் திருத்தினால், அது உங்கள் வீட்டு விதி என்று வெளிப்படையாகப் போடுங்கள்.

தமிழ் வசனம் வழுக்கும் இடங்கள்

முறைப்பாடுகளில் பெரும்பகுதி கணக்கிலிருந்து வருவதில்லை, வசனத்திலிருந்துதான் வருகிறது. "8க்கு மேல் விழுந்தால் வெற்றி" என்று எழுதியிருக்கிறது. 8 விழுந்தால்? பேச்சில் பாதிப் பேர் எட்டையும் சேர்த்துக்கொள்வார்கள், பாதிப் பேர் ஒன்பதிலிருந்து எண்ணுவார்கள். இரண்டு ஆறுமுகப் பகடைகளில் மொத்தம் 36 விதமாக விழலாம். 8 அல்லது அதைவிடக் கூட விழுவது 15 விதம், அதாவது 41.7 சதவீதம். 9 அல்லது அதைவிடக் கூட என்றால் 10 விதம், 27.8 சதவீதம். திறமைக்கு 2 கூட்டினால் முதல் வாசிப்பில் 72.2, இரண்டாவதில் 58.3. ஒரு சொல்லுக்குள் இருந்த சந்தேகம் பதினான்கு சதவீத வித்தியாசமாகிவிட்டது. இருபது முகப் பகடையில் இதே குழப்பம் எப்போதும் 5 சதவீதத்தோடு நின்றுவிடும். அதனால்தான் இரண்டு பகடைகளைக் கூட்டும் விளையாட்டுகளில் இந்தப் பிழையை உடனே திருத்த வேண்டும். தீர்வு: "8 அல்லது அதைவிடக் கூட" என்று எழுதுங்கள், அல்லது நூலின் தொடக்கத்தில் ஒருமுறை விளக்கிவிட்டு 8+ என்ற குறியீட்டைப் பாவியுங்கள். 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ரோல்பிளே விளையாட்டின் வாசகர்கள் இந்தக் குறியீட்டுக்கு நன்கு பழகியவர்கள்.

"பாதி" அடுத்தது. 5 காயத்தில் பாதி 2ஆ 3ஆ? கீழே முழுமையாக்கினால் 1 காயம் 0 ஆகி மறைந்துவிடும். மேலே முழுமையாக்கினால் 1 காயம் ஒருபோதும் குறையாது. எதைத் தேர்ந்தாலும் நூல் முழுக்க ஒன்றாக இருக்கட்டும், பொது விதியாக ஒரே இடத்தில் சொல்லுங்கள். இரட்டிப்பிலும் இதே சிக்கல்: இரண்டு தடவை இரட்டித்தால் நான்கு மடங்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பில் இரண்டு இரட்டிப்பு சேர்ந்தால் மூன்று மடங்குதான். அவர்கள் அதை விதியாகவே எழுதி வைத்தார்கள். நீங்களும் எழுதி வையுங்கள்.

"லாம்" என்ற விகுதி மூன்று வேலை செய்யும். "தாக்கலாம்" என்றால் அனுமதி. "சரிவில் வழுக்கலாம்" என்றால் நடக்கக்கூடியது, யார் தீர்மானிப்பது என்று தெரியாது. "திரும்பிப் போகலாம்" என்பது வெறும் யோசனையாகவும் இருக்கும். ஆட்டக்காரரின் விருப்பம் என்றால் "விரும்பினால் தாக்கலாம்" என்றும், பகடைதான் தீர்மானிக்கும் என்றால் "பகடை வீசுக, 1 விழுந்தால் வழுக்கும்" என்றும் எழுதுங்கள். எதிர்மறை இன்னும் மோசம். "வீச வேண்டாம்" என்பதை ஒருவர் "வீசத் தேவையில்லை" என்று வாசிப்பார், இன்னொருவர் "வீசக் கூடாது" என்று வாசிப்பார். விதிநூலில் "வேண்டாம்" என்ற சொல்லே இல்லாமல் எழுதிவிடலாம்.

"மீண்டும் வீசலாம்" என்றால் புதிதாக விழுந்ததைத்தான் எடுக்க வேண்டுமா, நல்லதை எடுக்கலாமா? "அடுத்த சுற்று வரை" என்றால் அந்தச் சுற்றின் தொடக்கமா முடிவா? "குழுவில் எல்லாருக்கும் 1 கூடும்" என்றால் அந்த ஆற்றலைப் பாவித்தவருக்கும் சேர்த்தா? இந்த மூன்று கேள்வியையும் அச்சுக்குப் போகும் முன்னரே கேட்டிருந்தால் பட்டியல் பாதியாகக் குறைந்திருக்கும்.

மலையகக் கதைக்களம் உள்ள நூல்களுக்கு இன்னொரு சிக்கல். "பேர்" என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளக் கணக்கு. அரைப்பேர் என்றால் என்னவென்று கொழுந்து எடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து வாசகருக்கு "ஒரு சுற்றுக்கு இரண்டு பேர்" என்பது இரண்டு ஆட்கள். ஸ்டோர் என்றால் இங்கே தேயிலைத் தொழிற்சாலை, வெளியே அது கடை. "மலை" என்றால் கொழுந்து எடுக்கும் இடம். இந்தச் சொற்களை மாற்றிப் பொதுத்தமிழாக்கினால் நூலின் உயிர் போய்விடும். சொல்லடைவு ஒன்றைச் சேர்த்து, விதிக் கணக்கில் வரும் இடங்களில் மட்டும் "2 பேர்ச் சம்பளம்" என்று பிரித்துக் காட்டுங்கள்.

எண்ணை மாற்றும் முன்

திருத்தம் ஓர் எண்ணைத் தொடுகிறது என்றால், ஆகச் சிறிய மாற்றத்தை முதலில் பாருங்கள். இலக்கு எண்ணை மாற்றினால் எல்லாப் பாத்திரங்களும் அசையும். ஒரு கருவியின் கூட்டலை மாற்றினால் அதை வைத்திருப்பவர் மட்டும்தான். பழைய, புதிய வாய்ப்புகளைத் தாளில் எழுதுங்கள். திறமை 0, நடுத்தரம், உச்சம் என்று மூன்று நிலையில் கணக்கிட்டால் போதும். உச்சத்தில் தோல்வியே இல்லாமல் போகிறதா என்று பாருங்கள்; இரண்டு பகடையில் கூட்டல் 6ஐத் தொட்டால் 8+ இலக்கு எப்போதும் வெற்றிதான்.

பிறகு புதிய வசனத்தை, அந்த விதியை முன்பு வாசிக்காத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, ஒரு நிலைமையைக் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும் இடத்தில் வசனம் இன்னும் சரியாகவில்லை.

பதிவு ஒன்றை எழுதும் முறை

ஒவ்வொரு பதிவிலும் இலக்கம், இடம், செயல், பழையது, புதியது, காரணம் இருக்க வேண்டும். ஒரு கற்பனை நூலுக்கான மாதிரி:

தி-07. மாற்றுக. அச்சு 1, பக்கம் 14, "ஏறுதல்" என்ற உபதலைப்பு, 2ஆம் பந்தி, கடைசி வசனம்.
பழையது: "8க்கு மேல் விழுந்தால் ஏறிவிடலாம்."
புதியது: "கூட்டுத்தொகை 8 அல்லது அதைவிடக் கூட என்றால் பாத்திரம் ஏறிவிடும்."
காரணம்: 8 சேருமா என்ற ஐயம். பக்கம் 31 எடுத்துக்காட்டுக்கு தி-08 பார்க்க.

தி-11. சேர்க்க. அச்சு 1, பக்கம் 22, "கங்காணி", ஆற்றல் 3, இறுதியில்.
புதியது: "இந்தக் கூட்டல் கங்காணிக்குக் கிடைக்காது."
காரணம்: விடுபட்ட வசனம்.

இடத்தைச் சொல்ல வரி எண்ணிக்கையை நம்ப வேண்டாம். தலைப்பை ஒரு வரியாக எண்ணுவதா, அட்டவணையை எண்ணுவதா என்று ஆளுக்கொரு கணக்கு. போனில் வாசிப்பவருக்கு வரியே மாறிப்போயிருக்கும். உபதலைப்பும் பந்தி எண்ணும் எங்கேயும் நிற்கும். பழைய வசனத்தை முழுமையாகக் கொடுங்கள், "அதிலுள்ள எண்ணை மாற்றுக" என்று சுருக்க வேண்டாம். புதிய வசனம் பழையதன் நீளத்துக்கு அருகில் இருந்தால்தான் ஓரத்தில் எழுத இடம் கிடைக்கும். நான்கு வரியைத் தாண்டினால் பென்சிலுக்கு அடங்காது, ஒட்டுத்துண்டு கொடுக்க வேண்டும். காரணத்தை ஒரு வரியில் நிறுத்துங்கள், மன்னிப்பும் வரலாறும் அங்கே தேவையில்லை.

பட்டியலின் தலையில் முன்னுரிமை விதி ஒன்றைப் போடுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பின் திருத்தக் கோப்புகளில் அட்டவணைக்கும் உரைக்கும் முரண்பாடு வந்தால் உரையே சரி என்று எழுதியிருந்தார்கள். அதே வழியில் நீங்களும்: திருத்தப் பட்டியல் நூலை வெல்லும், உரை அட்டவணையை வெல்லும், எடுத்துக்காட்டு எதையும் வெல்லாது. மூன்று வரிதான். இன்னும் கண்டுபிடிக்காத பிழைகளில் பலவற்றை இது முன்கூட்டியே தீர்த்துவிடும்.

நடந்துகொண்டிருக்கும் கதைகள்

எட்டு மாதமாக ஒரே பாத்திரத்தை வளர்த்தவரிடம் "இந்தத் திறன் இனி இல்லை" என்று சொல்வதற்கு முன், அவர் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். எந்தத் திகதியிலிருந்து என்பதை எழுதுங்கள். முன்பு முடிந்த ஆட்டங்களைத் திரும்பக் கணக்கிடத் தேவையில்லை என்று ஒரு வரி போடுங்கள். ஒரு தெரிவின் மதிப்பு குறைந்தால், அதற்குச் செலவழித்த புள்ளிகளை மீளப் பெற்று வேறு தெரிவு செய்ய ஒருமுறை அனுமதி கொடுங்கள். கூடினால் இது தேவையில்லை, கூடியதற்கு யாரும் முறைப்பாடு செய்வதில்லை.

இலக்கம், திகதி, அச்சு, பதிப்பு

தமிழ் நூல்களில் "இரண்டாம் பதிப்பு" என்று போட்டிருப்பது பல வேளைகளில் வெறும் மறுஅச்சுதான். விதிநூலுக்கு இந்தப் பழக்கம் ஆபத்து. விதி மாறாமல் மீண்டும் அச்சடித்தால், அல்லது திருத்தங்களை மட்டும் சேர்த்து அச்சடித்தால், "முதற் பதிப்பு, அச்சு 2, திருத்தப் பட்டியல் 1.3 சேர்க்கப்பட்டது" என்று போடுங்கள். விதிகளே மாறினால்தான் இரண்டாம் பதிப்பு. ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணின் விதியும் இதே பாதைதான்: சிறு திருத்தங்களோடு வரும் மறுஅச்சுக்குப் பழைய எண் போதும், உள்ளடக்கம் கணிசமாக மாறிய புதிய பதிப்புக்குப் புதிய எண் வேண்டும். இலங்கையில் அதை வழங்குவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை.

பட்டியல் எப்போதும் முழுத் தொகுப்பாக இருக்கட்டும். 1.3 கையில் இருந்தால் 1.1, 1.2 தேவைப்படக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவற்றின் ஓரத்தில் நின்றகோடு போடுங்கள். முன்பே குறித்துவிட்டவர் கோடுள்ளதை மட்டும் பார்ப்பார். நிறத்தால் காட்டினால் போட்டோகொப்பியில் எல்லாம் கறுப்பாகிவிடும். கோப்பின் பெயரிலும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இலக்கமும் திகதியும் இருக்க வேண்டும், மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 4/5 என்றால் ஏப்ரலா மேயா என்று விதிப் பட்டியலிலேயே வாக்குவாதம் வேண்டாம்.

எத்தனை தடவை வெளியிடுவது? நூல் வந்து மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும். மாதம் ஒன்று வந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆட்டம் நடக்கவே முடியாத பிழை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

தாளில்

ஒரு ஏ4 தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து நடுவில் மடித்தால் நான்கு ஏ5 பக்கம் வரும். சிறு நூலின் திருத்தங்களுக்கு அது போதும், நூலுக்குள்ளேயே செருகி வைக்கலாம். தமிழுக்கு எழுத்தளவு 10 அல்லது 11க்குக் குறையாமல், வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். மேலே புள்ளியும் கீழே சுழியும் ஒட்டிக்கொண்டால் "க்" எது "க" எது என்று தெரியாது.

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தாள் எப்போதும் ஈரமணம் வீசும். இன்க்ஜெட் மை பல வேளைகளில் ஈரத்தில் பரவிவிடும். லேசர் அல்லது போட்டோகொப்பி டோனர் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டுவதால் தாங்கும். ஒட்டுத்துண்டுகளுக்குத் தண்ணீர்ப் பசை பாவித்தால் பக்கம் சுருங்கி எழும்பும், குச்சிப் பசை நல்லது. ஸ்டிக்கர் தாளாக இருந்தால் ஒன்றை முதலில் ஒட்டி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், ஓரம் கிளம்பினால் அந்த வகை வேண்டாம். துண்டின் அகலம் நூலின் பத்தி அகலத்தைவிட 2 மில்லிமீற்றர் குறைவாகவும், உயரம் மூடவேண்டிய பந்தியின் உயரமாகவும் இருக்கட்டும். துண்டிலேயே தி-07 என்ற இலக்கத்தைச் சிறிதாக அச்சடித்தால் மாறி ஒட்டமாட்டார்கள்.

கொண்டு சேர்த்தல்

பிடிஎப்பை வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள். பக்கத்தைப் படமாக்கி அனுப்பினால் செயலி அதை அமுக்கிவிடும், சிறு எழுத்து மங்கும். படங்கள் இல்லாத நான்கு பக்கக் கோப்பு சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். பள்ளத்தில் இருக்கும் லயத்தில் ஒரு கோடு சிக்னலில் அது இறங்கும், பத்து மெகாபைட் இறங்காது. நூலின் முதல் பக்கங்களில் கியூஆர் குறி ஒன்றை அச்சடிக்கிறீர்கள் என்றால், அது கோப்பைச் சுட்டாமல் என்றும் மாறாத ஒரு முகவரியைச் சுட்டட்டும். அந்த முகவரியில் எப்போதும் நடப்புப் பட்டியல், கீழே பழையவை. இணையம் இல்லாதவருக்கு நூல் வாங்கிய கடையிலேயே ஒரு கட்டு தாள் வையுங்கள்.

விற்பனையில் இருக்கும் பிடிஎப் நூலைச் சத்தமில்லாமல் மாற்றிவைப்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. ஒரே பெயர், ஒரே அட்டை, உள்ளே வேறு விதி. மேசையில் இரண்டு பேரும் தங்கள் போனைக் காட்டி "இங்கே பார்" என்பார்கள், இரண்டு பேரும் சரியாக இருப்பார்கள். அதேபோல, ஆசிரியர் குழு உரையாடலில் அவசரமாகக் கொடுத்த பதில் விதியாகாது. பட்டியலில் ஏறும்வரை அது ஒருவரின் கருத்து. இதையும் பட்டியலின் தலையில் எழுதிவையுங்கள், ஆசிரியருக்கே நிம்மதி.

உங்கள் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் எஸ்ஆர்டி 5.1 என்ற இலவச அடிப்படை விதித் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது என்றால், அது 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் பை 4.0 உரிமத்தில், அதாவது மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பாவிக்கலாம் என்ற உரிமத்தில், விடப்பட்டது. மூலத்துக்கு உரிய நன்றிக்குறிப்பும், நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள் என்ற குறிப்பும் கட்டாயம். தமிழாக்கமும் மாற்றம்தான். திருத்தப் பட்டியலில் அந்த உரையை மீண்டும் எடுத்துப் போட்டால் அங்கேயும் அதே குறிப்பு வர வேண்டும். இந்த அனுமதி அந்தத் தொகுப்புக்கு மட்டும். கடையில் விற்கும் முழு நூலிலிருந்து வசனம் எடுக்க அது உரிமை தராது.

திருத்தமே பிழையானால்

நடக்கும். தி-07ஐச் சத்தமில்லாமல் மாற்றி எழுதாதீர்கள். "தி-07 மீளப் பெறப்பட்டது, தி-19 பார்க்க" என்று பழைய இடத்திலேயே போட்டு, தி-19இல் முழு வசனத்தையும் மீண்டும் கொடுங்கள். தி-19இன் "பழையது" என்ற இடத்தில் அச்சு 1இன் வசனமும் தி-07இன் வசனமும் இரண்டும் வர வேண்டும். சிலர் புத்தகத்தில் முதலாவது இருக்கும், சிலர் பென்சிலால் இரண்டாவதை எழுதியிருப்பார்கள். ஒரே விதியை மூன்றாவது தடவையும் தொட வேண்டி வந்தால் ஒட்டுப்போடுவதை நிறுத்தி, அந்தப் பகுதியை முழுமையாக எழுதி ஒரு பக்கத் தாளாகக் கொடுங்கள். இரண்டாம் பதிப்பு வந்தபின் முதற் பதிப்பின் பட்டியலை "இறுதி" என்று குறித்து அதே முகவரியில் விட்டுவையுங்கள். பழைய புத்தகத்தோடு யாரோ ஒரு குழு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்.